திரும்பிப் பார்த்தால் கவிழும் படகு

12.1.2001
எஸ்டேட்டைப் பூட்டி நாலு மாதம் ஆகிறது. தேயிலை விலை ஏறும், தீபாவளிக்குத் திறந்துவிடுவார்கள் என்றார்கள். கேட்டில் பூட்டு துருப்பிடித்ததுதான் மிச்சம். பத்தொன்பது வருடம் ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்தவன், இன்று படகோட்ட ஆள் கேட்கும் இடத்துக்குப் போய்வந்தேன். வெலிங்டனில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹெர்பர்ட், அணை ஏரியில் பிள்ளைகளுக்குக் கயாக் என்னும் ஒற்றையாள் பந்தயப் படகு ஓட்டப் பழக்கப் போகிறார். உதவிக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும். ஓட்டத் தெரியாவிட்டாலும் ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளலாமாம். நீச்சல் தெரியுமா என்றார். பவானியில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா!

16.1.2001
ஏழு முறை விழுந்தேன். அது படகா? வாழைமட்டை. உட்கார்ந்தால் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது, மூச்சு விட்டால் ஆடுகிறது. சொட்டச் சொட்டக் கரையேறினால் எதிரே சாந்தாமணி. எஸ்டேட்டில் என் மேற்பார்வையில் கொழுந்து பறித்தவள். "வணக்கங்க ஐயா" என்றாள். அவளும் இதே வேலைக்குத்தான் வந்திருக்கிறாள். வேலை ஒன்று, ஆள் இரண்டு. இவளா எனக்குப் போட்டி?

25.1.2001
சாந்தாமணி இப்போதெல்லாம் விழுவதே இல்லை. முதுகில் கூடையோடு சரிவில் நின்ற உடம்பு. படகு ஆடினாலும் தலை ஆடுவதில்லை. எனக்குப் பொறாமை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பொறாமைதான்.

2.2.2001
நான் ஏன் விழுகிறேன் என்று ஹெர்பர்ட் கண்டுபிடித்துவிட்டார். "துடுப்பு போட்டுட்டே இருந்தா நீங்க விழறதில்ல சார். நிறுத்திட்டுப் பின்னால திரும்பறீங்க, அப்பத்தான் கவுருது. அப்படி என்னத்தப் பாக்கறீங்க?"
எனக்கே தெரியவில்லை. சாந்தாமணிக்குத் தெரிந்திருந்தது. "நான் வேலை செய்யறனான்னு பாக்கறாருங்க" என்று சிரித்தாள். "முன்னாடி பாருங்க ஐயா, நான் சும்மா நிக்கமாட்டேன்."
கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது.

9.2.2001
இன்று விழவில்லை! வீட்டுக்கு வந்து சொன்னால், மனைவி ராஜி நம்பாமல் என் பேண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

17.2.2001
இந்த வேலை கிடைக்காவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போகவேண்டியதுதான் என்றாள் சாந்தாமணி. எனக்கு மச்சினன் கடையில் போய் நிற்கும் கதி. இதை அவளிடம் சொல்லவில்லை.

24.2.2001
இன்று எங்கள் இருவருக்கும் போட்டி. அக்கரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். கவிழாமல் முதலில் வருபவருக்கு வேலை. திரும்பும்போது நான்தான் முன்னால். கரையில் ராஜியின் பச்சைப் புடவை தெரிந்தது. இன்னும் இருபது துடுப்புதான். பின்னால் சத்தத்தையே காணோம். ஏன் சத்தமில்லை? நின்றுவிட்டாளா —
திரும்பிட்டேன். போச்சு. யாரும் கெடுக்கலை, நானே கெடுத்துக்கிட்டேன். தண்ணிக்குள்ளேருந்து தலையைத் தூக்கினா, அவ என்னைத் தாண்டிப் போயிட்டிருக்கா.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சரியாகத்தான் செய்தாள்.

25.2.2001
படகு தூக்க, பழுதுபார்க்க ஓர் ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று ஹெர்பர்ட் கேட்டனுப்பினார். சாந்தாமணி சொல்வதைக் கேட்டு நடக்கவேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

28.2.2001
ராஜி அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் புள்ள பத்து வருசம் உங்களுக்குக் கீழ வேலை செஞ்சுதே, அதுக்கென்ன மானம் போயிருச்சுங்களா?"


1.3.2001
போனேன்.

19.3.2001
புதிதாக ஆறு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். சாந்தாமணி தண்ணீரில் இருந்தாள். நான் கரையிலிருந்து படகுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன்.
"அண்ணா, அந்தத் துடுப்பைக் குடுங்க."
யாரையோ கூப்பிடுகிறாள் என்று அடுத்த படகைத் தூக்கினேன். மறுபடியும் கூப்பிட்டாள். சுற்றிலும் பார்த்தேன். கரையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.
எடுத்துக் கொடுத்தேன்.