மகளின் ரிசல்ட்டைப் படித்தேன்

நம் மகள் கொண்டுவந்த தாள் இன்று காலை என் மடியில் இருந்தது. ரத்தச் சோதனை ரிசல்ட்டோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த விளக்கத் தாள். தமிழில் அச்சடித்திருந்தார்கள். நீ போன பிறகு முதியோர் வகுப்பில் சேர்ந்து படிக்கக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே. இப்போது போர்டை வாசித்துத்தான் பஸ்சில் ஏறுகிறேன், யாரையும் கேட்பதில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் தாளை வாங்கினேன். விரல் வைத்து வாசித்தேன்: "இந்தச் சோதனை குறை இருக்கிறது என்று சொல்லாது. இருக்கக்கூடிய வாய்ப்பை மட்டுமே சொல்லும்." அந்த வரிக்கு மேல் விரல் நகரவில்லை.

அவள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோதும் இப்படித்தானே வந்தது. பிள்ளை குறையோடு பிறக்க நூற்றில் ஒரு வாய்ப்பு, ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார் டாக்டரம்மா. நான் ஏலக்காய்க் கடையில் ஆயுசைக் கழித்தவன். ஒரு கை காயை அள்ளிப் பார்த்து மூட்டைக்கே விலை சொல்லிப் பழகியவன். மகள் முகத்துக்கு நேரே சொன்னேன்: "சாம்பிளே சரியில்ல. எதுக்கு இன்னொரு ஊசி? வெரசா கலைச்சிரு."

நீதான் பொறுக்கமாட்டாமல் கேட்டாய்: "ஏய்யா, நூறு காயில ஒண்ணு பொக்குன்னா மூட்டையவே ரோட்டுல கொட்டுவியா? ஒன்னைய வேலைக்கு வச்ச மொதலாளியச் சொல்லணும்."

நீர்ச் சோதனையில் அந்தக் குறை இல்லை என்று வந்தது. வந்தும் என்ன? தலைப்பிரசவத்துக்கு அவள் நம் வீட்டுக்கு வரவில்லை. "அங்க என் பிள்ளைக்கு ஏற்கெனவே வெல பேசியாச்சும்மா" என்றாளாம் உன்னிடம். நீதான் துணிமூட்டையோடு அவள் மாமியார் ஊரான குரங்கணிக்கு ஜீப்பு ஏறினாய். கேட்டவர்களிடம் நான், "சம்பந்தி வீட்டுல விடமாட்டேன்னுட்டாக" என்று பொய் சொன்னேன். நீ அதைக் கடைசிவரை யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை.

இது அவளுக்கு இரண்டாவது. மறுபடியும் நீர்ச் சோதனைக்குப் போகிறாள். "இப்ப என்னப்பா சொல்றீக?" என்றாள். கேட்ட விதத்திலேயே பழசு இருந்தது.

"என்ன வரும்னு எனக்குத் தெரியாது தாயி. எது வந்தாலும் முடிவு ஒன்னோடது. பேறுகாலத்துக்கு நம்ம வீட்டுக்கு வா."

"அம்மா இல்லாத வீட்டுக்கா?"

"சுடுதண்ணி நான் வச்சுத் தாரேன்."

லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. வருகிறேன் என்று சொல்லவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இதே வார்த்தையை நீ இருக்கும்போது நான் சொல்லியிருக்கலாம். பேத்தி "தாத்தா" என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் "என்ன ஆத்தா" என்கிறேன். அவளை வேண்டாம் என்று சொன்ன வாய்தானே இது.