பெற்றவளைப் பற்றிய கேள்வி

ஸோம்பா,
6 மே 2004

அன்புள்ள எஸ்னாட் அக்காவுக்கு,

நலம்தானே? அலினாஃபே ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாளா?

எனக்குத் தூக்கமே போய்விட்டது. எத்தனை பிறப்பு, எந்த வயதில் சாவு என்று தெரிந்தால், ஒரு குழந்தைக்கு எந்தெந்த உறவு உயிரோடு மிஞ்சும் என்று நான் ஆபீசில் போடும் கணக்கு சொல்லிவிடும். ஐந்தில் ஒரு பிள்ளைக்குத் தாய் இல்லை என்கிறது. கணக்கெடுக்கும் எங்கள் ஆட்கள் ஊர்களில் கேட்டாலோ எல்லாப் பிள்ளைகளும் அம்மா இருப்பதாகவே சொல்கின்றன. சின்னம்மா, பெரியம்மாவையும் அம்மா என்கிறார்களே, அதனால்தான். தாயில்லாப் பிள்ளைகளைக் குறைத்துக் காட்டினால் அவர்களுக்கு வரும் பள்ளிச் சாப்பாடும் குறைந்துவிடும். இனி "உன்னைப் பெத்த அம்மா உயிரோட இருக்காங்களா?" என்றே கேட்கச் சொல்லியிருக்கிறேன். நம் ஊருக்கும் வருவார்கள்.

உன் தங்கை,
தமண்டானி

டெட்ஸா,
15 மே

செல்லத் தங்கைக்கு,

சோளம் சுமார்தான். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அடுப்பில் வைத்தது எல்லாம் தீய்கிறது. அலினாஃபேயைப் பெற்ற நம் எனிஃபா செத்தபோது அவள் கைக்குழந்தை. இன்றுவரை என்னைத்தான் பெற்றவள் என்று நினைக்கிறாள். வளர்ந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். நம் ஊரை மட்டும் விட்டுவிடேன் அம்மா.

உன் அக்கா,
எஸ்னாட்

ஸோம்பா,
24 மே

அக்கா,

சீட்டுக் குலுக்கி எடுத்த ஊர்கள். வேண்டியவர்கள் ஊர் என்று ஒன்றை நீக்கினால் மொத்தமும் கோணலாகிவிடும். அவர்கள் வருவதற்குள் நீயே சொல்லிவிடு. கோபிக்காதே.

தமண்டானி

டெட்ஸா,
11 ஜூன்

தமண்டானிக்கு,

சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் வந்துவிட்டார்கள்.

கேட்க வந்த பெண் மரியாதையானவள்தான். அலினாஃபே சிரித்தாள். "பெத்த அம்மாவா? இதோ, உங்க எதிர்லயே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காங்களே!"

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றிருக்கலாம். உன் தூக்கம் கெட்ட முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. "இல்லம்மா. பெத்தவ என் தங்கச்சி. செத்துட்டா" என்றேன்.

அலினாஃபே எழுந்து போனாள். நேற்றுதான் வாயைத் திறந்தாள்.

"ஸோம்பா சின்னம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"இப்படிக் கேக்கச் சொன்னதே அவங்கதானா?"

"ஆமா."

"அப்ப என்னை பஸ் ஏத்தி விடுங்க. அவங்ககிட்ட நான் கேக்கணும்."

இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். முதலில் வயிற்றுக்கு ஏதாவது போடு. பிறகு எனிஃபா எப்படிச் சிரிப்பாள், எப்படிச் செத்தாள், எல்லாம் சொல். எதையும் மறைக்காதே.

திரும்பி வந்தால் என்னை அம்மா என்பாளோ, பெரியம்மா என்பாளோ தெரியவில்லை. அதை மட்டும் நீ சொல்லிக்கொடுக்காதே.

எஸ்னாட்