கம்பளிக்குள் டிஸ்கோ

3-3-83 வியாழன்
தூறல். மூடுபனி. வேட்டி இன்னும் காயவில்லை.
சரசு கற்றுக்கொடுத்த எழுத்தில் இன்று முதல் எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. பரவாயில்லை. மனிதர்களை வாய் திறக்காமல் திட்ட இதைவிட வசதி இல்லை. இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே.
முதல் ஆள்: மச்சான் முனியாண்டி. என் மனைவி அஞ்சலையின் அண்ணன். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. என் மகள் சரசுவுக்குப் பதிமூன்றாம் தேதி கல்யாணம். விருந்துக்கு ஈப்போ பேண்டு செட்டைப் பேசிவிட்டாராம். என்னைக் கேட்கவில்லை. நான் பெண்ணுக்கு அப்பன் மட்டும்தானே.
சரசு சொல்லிவிட்டாள்: "பேண்டு வேணாம் மாமா. அப்பா டிஸ்கோ செஞ்சு போடுறேன்னாரு. அதுக்குத்தான் ஆடுவேன்."
மச்சான் சிரித்ததில் வெற்றிலைச்சாறு என் சட்டையில்.
"பேண்டும் வரட்டும்லா. ஒங்கப்பன் மொதல்ல போடட்டும். ஒரு ஆளாச்சும் எந்திரிக்கலேன்னா என் ஆளுங்க மேடை ஏறிருவாங்க."
ஒத்துக்கொண்டேன். அஞ்சலை அழுதாள். "எங்கண்ணன் முன்னாடி மானத்த வாங்கப் போறீங்க."

5-3-83 சனி
தானா ராத்தா டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் முட்டைக்கோசு மூட்டைக்கு இருக்கை, எனக்கு இல்லை.
காசிம் பாய் சாப்பாட்டுக் கடையிலேயே கேசட்டும் விற்கிறார். இரண்டிலும் எண்ணெய்.
"பெரியவரே, இது பிரெஞ்சு டிஸ்கோ லா. கோலாலம்பூரு ஆளுங்க பைத்தியமா அலையுறாங்க."
வீட்டுக் கேசட் ரேடியோவில் போட்டேன். பாடுகிறவளுக்குத் தொண்டையில் சளி. பிடில்காரர்கள் கூட்டமாக வந்து ஒன்றும் செய்யாமல் போகிறார்கள். ஆனால் நடுவில் ஓர் இடம்: எல்லாரும் வாயை மூட, பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும். இடுப்பை யாரோ பிடித்து உலுக்கியது போல. ஆகா! அதற்குள் அவள் திரும்ப வந்துவிடுகிறாள்.
டிஸ்கோவில் பாட்டுதான் இடைஞ்சல். அந்தத் துண்டு மட்டும் போதும். அது நிற்கவே கூடாது.

6-3-83 ஞாயிறு
கேசட்டைத் திறந்தேன். அந்த இடத்தை மட்டும் கத்தரித்தேன். ஒரு சாண் நாடா. இரு முனையையும் ஒட்டி வளையமாக்கிக் கேசட்டுக்குள்ளேயே ஓடவிட்டேன். சுற்றி வருகிறது! ஆனால் ஒட்டு வரும்போதெல்லாம் 'டக்'.
காலையெல்லாம் யோசனை. பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். தேயிலை பேக்டரியில் மெஷின் பெல்ட் ஒட்டியே கிழவனானவன் நான். பெல்ட்டை நேராக வெட்டினால் குதிக்கும். சாய்வாக வெட்ட வேண்டும். நாடாவும் பெல்ட்தானே. சாய்வாக வெட்டினேன். 'டக்' போயிற்று. தனியாக ஆடினேன். முட்டி வலி.
மச்சான் எட்டிப் பார்த்தார்.
"ஏம்ப்பா, ஒரே வரியத் திரும்பத் திரும்பப் போட்டா அது பாட்டா?"
"நாப்பது வருசமா ஒரே திட்டத் திட்டுறீங்க. அதுக்கு நாங்க ஆடலியா மச்சான்?"
மச்சான் படியிறங்கிப் போய்விட்டார். இன்று சோறு இரண்டு தட்டு.

8-3-83 செவ்வாய்
மழை. அஞ்சலைக்குக் காதுவலியாம். "நிறுத்துங்க இந்தக் கருமத்த!" கம்பளியைத் தூக்கி ரேடியோ மேல் எறிந்தாள்.
சத்தம் கிணற்றுக்குள் போனது. டும் டும் மட்டும். கம்பளியை மெல்ல மெல்ல இழுத்தேன். தூரத்தில் வந்த திருவிழா வாசலுக்கே வந்த மாதிரி இருந்தது. மறுபடி மூடினேன். மறுபடி இழுத்தேன். பிரெஞ்சுக்காரனுக்குக் கம்பளி தெரியுமா? குளிர் தெரிந்தால்தானே.
அஞ்சலை முறைத்தாள். கால் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. நான் பார்த்தேன்.

10-3-83 வியாழன்
மாப்பிள்ளை குணா, கம்போங் ராஜா ஊரில் கோசு பயிரிடுகிறவர். முகமும் கோசு. ஆனால் கேட்டதும் தன் ரேடியோவைக் கொடுத்தார். நல்ல பிள்ளை.
விருந்தில் ஒட்டு அறுந்தால் மச்சானுக்குத் தீபாவளி. ஆகவே வளையத்தை என் ரேடியோவில் ஓடவிட்டு, எதிரே மாப்பிள்ளை ரேடியோவை வைத்து முழுக் கேசட்டில் பதிவு. லயத்து வரிசை வீடுகளில் பகலெல்லாம் கோழி, குழாயடிச் சண்டை. அதனால் விடிகாலையில், அஞ்சலை கொழுந்துக் கூடையோடு வேலைக்கு இறங்கியதும் பட்டனை அமுக்கினேன். மூச்சுகூடப் பார்த்து விட்டேன்.
போட்டுக் கேட்டேன். சுத்தம். ஒரு குறை இல்லை.

13-3-83 ஞாயிறு
வெயில்! தாலி ஏறியது. ஐயர் மந்திரத்தில் பாதியைத் தின்றார்.
மதிய விருந்து, எஸ்டேட் மண்டபம். பேண்டுக்காரர்கள் கோட்டுப் போட்டு ஓரத்தில் தயாராக, பிணத்துக்குக் காத்திருக்கும் வண்டி போல. காசிம் பாய் கொடுத்த பெரிய ஸ்பீக்கர். மேலே என் கம்பளி. போட்டேன்.
டும் டும் டும்.
யாரும் அசையவில்லை. பாயசம் குடிக்கிறார்கள். சரசு மட்டும் நாற்காலியில் தோளை ஆட்டினாள். கம்பளியை இழுத்தேன். சில பிள்ளைகள் ஊளையிட்டார்கள், அவ்வளவுதான். மச்சான் பேண்டுக்குக் கைகாட்டினார். டிரம்ஸ்காரன் எழுந்தான். 
அப்போது ஸ்பீக்கரிலிருந்து, டும் டும்முக்கு நடுவே, டாண்! டாண்! டாண்!
காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணி. பதிவில் விழுந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து கேட்கும் மணி. என் காதுக்கு அது சத்தமே இல்லை.
சபையில் முதலில் எழுந்தது மச்சான். வாயில் லட்டோடு. "ஏய், நேரமாச்சு! எறங்கு எறங்கு!" பின்னாலேயே கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும். ஒருத்தி நாற்காலிக்கடியில் கூடை தேடினாள்.
 பிறகு மண்டபமே சிரிப்பில் இடிந்தது.
சரசு மேடையிலிருந்து குதித்தாள். "எந்திரிச்சிட்டீங்க மாமா! இனி ஆடணும்லா!" இழுத்துவிட்டாள். மணிக்குத் தோதாகப் பெண்கள் கைதட்ட, கங்காணி ஆடினார். எருமை சேற்றில் கால் வைப்பது போல. பேண்டு டிரம்ஸ்காரனும் ஒட்டிக்கொண்டான். தாளம் தப்பு.
"மாமா, அந்த மணிய இன்னொருக்கா போடுங்க!" மாப்பிள்ளை கத்தினார். போட்டேன். மறுபடி போட்டேன். மணிச்சத்தமும் பாட்டுதான், நம் கையில் நிறுத்தும் பட்டன் இருந்தால்.

14-3-83 திங்கள்
மூடுபனி. சரசு இல்லாத வீடு.
பெரட்டு மணி அடித்தது. இன்று காதில் விழுந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். அஞ்சலை கூடையோடு பாதையில் இறங்குகிறாள். திருப்பத்தில் நின்றாள். முன்னும் பின்னும் பார்த்தாள். இடுப்பை ஒரு வெட்டு, மறுபடி ஒரு வெட்டு. பிறகு ஒன்றும் நடக்காதது போல இறங்கிப் போனாள்.