இடப்பக்கத்துக் கிரேன்

இன்று குளோரோஃபாம் குப்பியைத் திறந்ததும் நம்முடைய ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை அடித்தது. அக்ரிலிக் தகடுகளை அதை வைத்துத்தானே ஒட்டினோம். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நாம் செய்த குட்டி வண்டி இன்னும் பெயிண்ட் அடிக்காமல் என் மேசைமேல்தான் கிடக்கிறது. கடைசி உறுப்பான கொக்கியை ஒட்ட வேண்டியிருந்தது.

சேற்றில் புதைந்த டாங்கிகளை இழுத்தெடுக்கும் இராணுவ மீட்பு வண்டி. பட்டாளத்தில் உங்கள் காலமெல்லாம் அதோடு போனது. நான் கோவை கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன். அதை ஒரு சாண் நீளத்தில் செய்ய இருவரும் உட்கார்ந்தோம். கடையில் பெட்டியாக வாங்கி ஒட்டுவது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். பெயர்ப்பலகை செய்யும் கடையில் கழித்த தகடு, தீர்ந்துபோன பேனா ரீஃபில், பிரேக் வயரில் உருவிய ஒற்றை இழை, இவைதான் சரக்கு. ரிவெட் தலைகளுக்குக் கேழ்வரகு. ஒரு மழைக்காலத்தில் அதில் வண்டு விழுந்தது. “ஏனுங்க, எதிரி உள்ள பூந்துட்டானுங்க!” என்று அன்று முழுக்கச் சிரித்தீர்கள்.

முதல் நாளே ஒன்று சொன்னீர்கள். “நான் அதுக்குள்ள உக்காந்து ஓட்டுனதே இல்லீங்க. முன்னால நின்னு டிரைவருக்குக் கை காட்டறதுதானுங்க என்ற வேலை.” எனக்கு அது காதில் விழுந்ததோடு சரி.

கிரேனை நீங்கள் வண்டியின் இடப்பக்கம் ஒட்டினீர்கள். நான் செல்போனில் படத்தைக் காட்டி, வலப்பக்கம் என்றேன்.

“அது வேற வண்டிங்க. நம்முளுதுக்கு இடப்பக்கந்தானுங்க.”

“வயசாச்சில்லீங்க, மறந்துபோச்சுங்களா?” என்று கேட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள். “வாரேனுங்க” என்றீர்கள். நீங்கள் தெரு திரும்புவதற்குள் பிளேடால் கிரேனை அறுத்து மறுபக்கம் ஒட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் வரவில்லை. தானாக வருவீர்கள் என்று நானும் வீம்பாக இருந்தேன். மூன்றாம் வாரம் உங்கள் மகள் கூப்பிட்டாள். மாரடைப்பு என்றாள்.

போன வாரம் அவள் உங்கள் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். யாரோ உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. நீங்கள் இரு கைகளையும் தூக்கி நிற்கிறீர்கள். எதிரே வண்டி உங்களைப் பார்த்து வருகிறது. கிரேன் அதன் வலப்பக்கம் இருக்கிறது. எதிரே நிற்கும் உங்களுக்கு அது இடப்பக்கம். அத்தனை வருடமும் நீங்கள் அதை அங்கிருந்துதான் பார்த்திருக்கிறீர்கள். முன்தோற்றம், பக்கத்தோற்றம் என்று வாழ்நாளெல்லாம் வரைந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

கொக்கியை ஒட்டிவிட்டேன். நாளை பச்சை அடிப்பேன். நீங்கள் ஒட்டி நான் அறுத்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. பட்டி வைத்து அதை மறைக்கப் போவதில்லை. வண்டியின் முகம் என்னைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன். கிரேன் என் இடக்கைப் பக்கம் நிற்கிறது. உங்களுக்கு ஒன்றும் மறக்கவில்லைங்க. நான் கேட்டதுதான் எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது.