பயிற்சியில் சொன்ன பொய்

என் கண்ணான மகளுக்கு,

போன் பேசும்போது உன் பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறான். அதனால் எழுதுகிறேன். நீயும் மருமகனும் தீவு தீவாகப் போய் மனநலப் பயிற்சி கொடுக்கும் வேலை இன்னும் ஒரு வருஷம் நீள்கிறது, அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டிருந்தாய்.

போன வாரம் தலைநகர் மாலேயிலிருந்து உங்கள் ஆட்கள் நம் தீவுக்கும் பயிற்சி கொடுக்க வந்தார்கள். சொந்தத் தீவுக்கு உன்னை அனுப்பமாட்டார்களாமே. நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டிரண்டு பேராக, ஒருவர் கேட்க, மற்றவர் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றார்கள். எனக்கு ஜோடி, மீன் அவிக்கிற ஸகியா.

"எப்படி இருக்கே அக்கா? நெசத்தைச் சொல்லு."

"எனக்கென்னடி குறை? இதைச் சொல்லிக் குடுக்குறதே என் பொண்ணுதான்!"

"ஊருக்கெல்லாம் காது குடுக்குறா, சரி. ஒனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்தாவதோடு நின்றவள் நான். என் மகள் பேசினால் டாக்டர்களே குறிப்பெடுக்கிறார்கள் என்று படகுத்துறை முழுக்கச் சொல்லித் திரிகிறவள். அங்கே வேறு என்ன சொல்வேன்?

உனக்குச் சொல்கிறேன். காலையில், நீங்கள் இரண்டு பேரும் இருந்தபோதுபோலவே, மீனும் தேங்காயும் சேர்த்து நாலு பேருக்கு மஸ்ஹுனி பிசைந்துவிடுகிறேன்; இரண்டு பேருக்கு எவ்வளவென்று கைக்கு இன்னும் தெரியவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் ரேடியோவோடு பேசுகிறேன். சில நாள் அழுகையும் வருகிறது.

வேலையை விடாதே. ஒரு வருஷம் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைப் படகில் ஒரு தரம் வா. பிள்ளைக்காக என்று நினைத்துக்கொண்டு வராதே.

உன் அம்மா