வகுப்பில் அக்கா பேசியது

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனிலேயே பேசலாம்தான். ஆனால் அம்மா பாதியில் பிடுங்கி, "சாப்டியா, என்ன சாப்டே" என்றே முடித்துவிடுவாள். இது அவளுக்குத் தெரிய வேண்டாத சங்கதி. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் படிப்பு வராது போலிருக்கிறது, அக்கா. போன வருடம் பெரிய ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தே தப்பித்துவிட்டேன். இங்கிலீஷ் படிக்க வந்தவளை வானியலும் சிற்பமும் எடுக்கச் சொன்னார்கள், லிபரல் ஆர்ட்ஸ் என்றால் அப்படித்தானாம், அதையும் எப்படியோ தாண்டினேன். இந்த வருடம் பெஞ்சே கிடையாது. ஒரு பெரிய மேசை. சுற்றி உட்கார்ந்து, படித்த நாவலைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேசினால்தான் மார்க். பேராசிரியை வெயிலிலும் சால்வை போர்த்திக்கொண்டு வருவார், அதனால் எங்களுக்குள் அவர் பெயரே சால்வை. என் முறை வந்ததும் அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நான் ஏதோ பக்கத்தைத் தேடுவதுபோல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். இதில் தேறாவிட்டால் இங்கிலீஷ் துறையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

நாவலின் இன்னொரு பிரதியை அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறதென்று எழுதேன். உனக்குத்தான் எதைப் பார்த்தாலும் ஏதாவது தோன்றுமே.

உன் அன்புத் தங்கை


செப்டம்பர் 4

என் ஊமைக்கோட்டானுக்கு,

வீட்டில் என்னிடம் அந்த வாய் பேசுகிறவள் அங்கே போய்ப் பூனையாகிவிட்டாயா? நம்பவே முடியவில்லை. அம்மா நலம். "இங்கிலீஷ் பேசறதுக்கு அவ்ளோ தூரம் போகணுமா, டிவியிலயே நாள் பூரா பேசறாங்களே" என்று இன்றும் புலம்பினாள்.

புத்தகத்தை நம் ஊர் ரத்தப் பரிசோதனை லேபில், வேலைக்கு நடுவிலேயே படித்து முடித்தேன். வெறும் வயிற்றோடு வருகிற கூட்டம் காலையிலேயே ஓய்ந்துவிடும். அப்புறம் குழாய்களில் பெயர் ஒட்டி உள்ளே அனுப்பிவிட்டால் கொஞ்ச நேரம் என்னுடையது. அப்பா இருந்திருந்தால் இந்த நேரத்தில் நானும் ஒரு வகுப்பில் இதே மாதிரி புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். சரி, அதை விடு.

கப்பல் முதலாளியின் மனைவி கடைசியில் பியானோவை விற்கிறாள் இல்லையா? கஷ்டத்தினால் விற்றாள் என்று முன்னுரையில் போட்டிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் வந்த பணத்தை அவள் மேசைமேலேயே மறந்துவிட்டுப் போகிறாள், கவனித்தாயா? வருகிறவர்கள் எல்லாம் "ஏதாவது வாசியேன்" என்று கேட்பதை நிறுத்தத்தான் விற்கிறாள். இங்கே ரத்தம் எடுக்கும்போது தினமும் பார்க்கிறேன். "வலிக்குது, வலிக்குது" என்று கத்துகிறவர்கள் அப்படியொன்றும் பயப்படுவதில்லை. "பரவால்ல சிஸ்டர், எடுங்க" என்று சிரிக்கிறவர்களின் கைதான் கட்டையாக இறுகியிருக்கும். இவளும் சிரிக்கிற ரகம்.

உனக்குப் பிடித்திருந்தால் எடுத்துச் சொல். நான் வழக்குப் போட மாட்டேன்.

அக்கா


செப்டம்பர் 30

என் செல்ல அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். நீ எழுதியதை இங்கிலீஷில் மாற்றி, கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்துகொண்டு போய் அப்படியே சொன்னேன். சால்வை என்ன செய்தார் தெரியுமா? தன் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். ரத்தம் எடுக்கிற உதாரணத்தையும் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு லேப் இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

வகுப்பு முடிந்து போகும்போது, இதுவரை என்னிடம் பேசவே பேசாத ஒருத்தி என்னைக் காபி குடிக்கக் கூப்பிட்டாள். வந்த நாளிலிருந்து இங்கே யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, அக்கா.

அடுத்தது கவிதைத் தொகுப்பு. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் எழுது.

உன் தங்கை


ஜனவரி 17

ஊமைக்கோட்டானுக்கு,

இனி இந்தப் பட்டம் உனக்குப் பொருந்தாது. மேசையில் முதலில் பேசுவதே நீதான் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் சொன்னேன். "அவளா?" என்றாள்.

ஒரு விஷயம். சொல்லலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கும் உங்கள் பல்கலைக்கழகத்தில் சில இடங்கள் உண்டாமே. அதற்கு விண்ணப்பம் போட்டேன். எடுத்தால் பார்ப்போம் என்றுதான் போட்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கிலீஷ் துறையிலேயே.

அம்மாவை நினைத்துப் பயந்தேன். அவள் அலட்டிக்கொள்ளாமல், "நான் சித்தி வீட்ல இருந்துக்கறேன், நீ போ" என்றுவிட்டாள். குளியலறையில் போய் அழுதேன். இந்தப் புத்தகங்கள் வர ஆரம்பித்த பிறகு எனக்கே என்னைப் பிடித்திருக்கிறது. ஊசியும் பஞ்சுமாகவே காலம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அந்த மேசையில் உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்ப சந்தோஷம். உன்னிடமிருந்து இப்படியொரு செய்தியை எதிர்பார்க்கவில்லை, அதனால்தான் பதில் எழுத நாளாகிவிட்டது.

நேர்முகத்தை நடத்துவது சால்வைதான். யாரும் பார்த்திராத ஒரு கவிதையைக் கையில் கொடுத்து என்ன தோன்றுகிறது என்று கேட்பார். வருகிறவர்களுக்குக் கூச்சமில்லாமல் இருக்க, இங்கே படிக்கிற ஒருவரையும் அறையில் உட்கார வைப்பார்கள். நீ என் அக்கா என்று தெரிந்ததும் சால்வை என்னையே உட்காரச் சொல்லிவிட்டார்.

அக்கா, அடுத்த வருடம் அவரிடமே ஆய்வுக் கட்டுரை எழுத என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதற்கு ஒரே ஒரு இடம்தான். "உன்ன மாதிரி பார்க்கிற ஒருத்தி இந்த மேசைக்கு வந்ததில்ல" என்றார். போன மாதம் ஒரு பையன் வேறொருவர் கட்டுரையைத் தன்னுடையது என்று கொடுத்தான். மறுநாளே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

நேர்முகத்தில் லேப் கதை வேண்டாமே. கடிதங்களைப் பற்றியும் பேசாதே. மற்றபடி நீ நீயாகவே இரு, போதும்.

உன் தங்கை


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஊருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ் நிலையத்துக்கு நான் வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. போன் செய்தால் அம்மாதான் எடுக்கிறாள். நீ வேலையில் இருப்பதாகவே சொல்கிறாள்.

சால்வைக்கு உன்மேல் கோபம் ஒன்றுமில்லை. இந்த வருடம் எடுக்காவிட்டாலும் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார். அவர் திடீரென்று என் பக்கம் திரும்பிக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. வேறு என்ன சொல்லியிருக்க முடியும், நீயே சொல்.

இத்துடன் ஒரு நாடகம் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் துறை முழுவதற்கும் முன்னால் இதைப் பற்றி நான் பேச வேண்டும். தனியாக உட்கார்ந்து படித்தேன், எனக்கு எதுவுமே தோன்றவில்லை. ரொம்ப பயமாக இருக்கிறது. இது ஒன்றுக்கு மட்டும் எழுதிவிடு, அக்கா.

உன் தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

கடிதமும் நாடகமும் வந்தன. அம்மா நலம். சித்தி வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்து வைத்த துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டாள்.

என்ன சொல்லியிருக்க முடியும் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கவிதையில் கடைக்காரன் கடையைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறான். அவனுக்குத் திருட்டுப் பயம் இல்லை, வீட்டுக்குப் போக மனசில்லை என்றேன். எனக்கு அப்போதுதான் தோன்றியது அது. எந்தக் கடிதத்திலும் நான் எழுதாதது. நேர்முகம் என்பதையே மறந்து சந்தோஷமாகச் சொன்னேன். சால்வை சிரித்தார். "அப்படியே உங்க தங்கச்சியோட பார்வை. நல்லா சொல்லிக் குடுத்திருக்கா. இப்ப உங்களுக்குன்னு என்ன தோணுது, சொல்லுங்க" என்றார். அப்புறம் உன்னைப் பார்த்து, "நீதானே சொல்லிக் குடுத்தே?" என்று கேட்டார். நீ, "கொஞ்சம்" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய்.

எனக்கென்று வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். இல்லை. என்னிடம் இருந்ததே அந்த ஒன்றுதான்.

கோபமில்லை என்று எழுதினால் பொய். ஊர் வந்து சேரும்வரை உன்னை ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தால் உன்னைப் பெட்டி கட்டச் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் திறக்கவில்லை. எடுத்துச் சொல் என்று எழுதியதும் நான்தான். யாரைப் போய்க் கேட்பது? அடுத்த வருடம் வந்தாலும் நான் உன்னைப் போலத்தான் பேசுவேன். அதனால் விண்ணப்பம் போடப் போவதில்லை.

உனக்கு உதவக் கூடாது என்ற வீம்பெல்லாம் இல்லை. நாடகத்தைப் படித்தேன். இரண்டாம் காட்சியில் அந்தத் தகப்பன் வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கப் போகிறானே, அந்த இடத்தில் ஏதோ தோன்றியது. தோன்றும்போதே அது இங்கிலீஷில் கேட்டது. உன் குரலில் கேட்டது. சுற்றி இருப்பவர்கள் எழுதிக்கொள்வதுகூடத் தெரிந்தது. மூடி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் வேறு புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீதான் பேசுகிறாய்.

நாடகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இனிமேல் எதுவும் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய், அம்மா உன் குரலைக் கேட்க ஆசைப்படுகிறாள். அந்த நேரத்துக்கு நான் வெளியே போய்விடுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா