ஸ்டிக்கருக்கு நல்ல பசை

இன்று காலை லாஸ்பேட்டையில் ஒரு சலவைக் கூடத்துக்குள் நுழைந்ததும் சோடாவும் வெந்நீர் ஆவியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். நம் கம்பெனி இதையும் வாங்கிவிட்டது. நீ வேலையை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது, உனக்கு எப்படித் தெரியும்.

உள்ளே ஆறு பெண்கள் ஓட்டல் விரிப்புகளின் மூலையில் கலர் நூலால் அடையாளம் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓட்டலுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை. உழவர்கரையில் நாம் முதலில் வாங்கிய கூடத்திலும் இதே வழக்கம்தானே. அங்கே நூலை நிறுத்திவிட்டு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வெந்நீரில் அது உரிந்து, எது எந்த ஓட்டலுடையது என்று தெரியாமல் விரிப்புகள் குவிந்தன. நீதான் மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாகப் போய் மன்னிப்புக் கேட்டாய். ஒவ்வொரு ஓட்டலாகக் கழன்றுகொண்டது. கடைசியில் கூடத்தையே மூடினார்கள். “கைய வெக்கறதுக்கு முன்னாடி அங்க வேல செய்யறவங்கள ஒரு வார்த்த கேளுங்க” என்று நீ ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாய்.

நான் கிளம்பும்போது ஒருத்தி எழுந்து வந்தாள். “எங்கள நிறுத்திட மாட்டீங்கல்லக்கா?”

“பேசிட்டு சொல்றேம்மா” என்றேன்.

மத்தியானம் மீட்டிங். ‘முந்தைய அனுபவத்தில் கற்றவை’ என்று திரையில் பெரிதாகப் போட்டார்கள். கீழே ஒரே வரி: ஸ்டிக்கருக்கு இன்னும் நல்ல பசை வேண்டும். ஒரு தொழிலையே நாசமாக்கிவிட்டு இவர்கள் கற்றது பசை! அதற்குக் கைதட்டல் வேறு.

“அந்த ஆறு பேர கேக்காம நூல நிறுத்தாதீங்க சார். போன தடவ கெட்டதே அதாலதான்” என்றேன்.

மேனேஜர் சிரித்தார். “அதான் கத்துக்கிட்டோமே மேடம். இந்தப் பசை கொதிக்கிற தண்ணியயே தாங்கும். திங்கக்கிழமைலேர்ந்து அவங்க வேணாம், நீங்களே சொல்லிடுங்க.” பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்தார். “வேற யாருக்காச்சும் இப்படித் தோணுதா?”

எட்டுப் பேரும் செல்போனைத் தடவினார்கள். சீ, மனுஷர்களா இவர்கள் என்று பல்லைக் கடித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

நீ மீட்டிங்கில் எழுந்து நின்று, எழுதிய அந்தப் பக்கத்தைப் படித்த அன்றும் இதே கேள்வி வந்தது. உனக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் நீ திட்டவில்லை. “வாடி, சாப்டலாம். பசிக்குது” என்றாய். உன் டப்பாவிலிருந்து பாதிச் சோற்றை எடுத்து எனக்கு வைத்தாய்.

அந்தச் சோறு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.